சாப்பிட்ட பிறகு என்று எழுதியிருந்தது

உங்கள் அம்மா காலையும் மாலையும் மாத்திரை போடுவதைப் பார்த்துத்தான் நீங்கள் வளர்ந்தீர்கள். பல் துலக்குவது போல அதுவும் ஒரு வேலை என்று நினைத்திருப்பீர்கள். போன வாரம் சின்னவள், "அம்மாவுக்கு என்னாப்பா வியாதி? கேட்டா எல்லாரும் பேச்ச மாத்துறீங்க" என்று கேட்டுவிட்டாள். பேச்சை மாற்றியவர்களில் முதல் ஆள் நான்தான். அதனால்தான் எழுதுகிறேன். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன் நான். டாக்டர் சொன்னதையும் கண்ணால் பார்த்ததையும் எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு இருப்பது வலிப்பு. நம் மூளை உடம்புக்குச் சின்னச் சின்ன மின்சாரச் சேதிகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறதாம். சிலருக்குச் சில நேரம் எல்லாச் சேதியும் ஒரே சமயத்தில் முண்டியடித்துக்கொண்டு கிளம்பிவிடும். அப்போது ஆள் விழுந்து கைகால் வெட்டும். நினைவு இருக்காது. அது பேயும் இல்லை, சாபமும் இல்லை, பக்கத்தில் இருப்பவருக்கு ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாக நின்றுவிடும். ஆள் கொஞ்சம் தூங்கி எழுந்து தண்ணீர் கேட்பார்.

தானாக நிற்காத வலிப்பும் உண்டு. அதைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அது நம் வீட்டுக்கு ஒரே ஒரு தடவை வந்தது. வரவழைத்தவன் நான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பெரியவனுக்கு மூன்று வயது, சின்னவள் பிறக்கவே இல்லை. அம்மா தேயிலைக் காட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். நான் தொழிற்சாலை மாடியில் கொழுந்து வாட்டும் வேலையில் இருந்தேன். அவளுக்கு வலிப்பு ஆரம்பித்தது பெரியவன் பிறந்த பிறகு. தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரஸ்ஸர் பார்த்துவிட்டு, மலைக்குக் கீழே தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே மாத்திரை கொடுத்தார்கள். அன்றிலிருந்து இரண்டு வருஷம் ஒரு வலிப்புகூட வரவில்லை. வாசல் நிலையில் தலை இடிக்குமோ என்று பயந்தவள் போலக் குனிந்தே நடந்த அம்மா, நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் வேண்டிக்கொண்டாள். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் பால்குடம் எடுப்பதாகவும், ஐந்து நாள் சோறு தொடாமல் பாலும் பழமுமாக விரதம் இருப்பதாகவும் நேர்த்தி. கையில் மஞ்சள் காப்பும் கட்டியாகிவிட்டது. அன்று மாலை மாத்திரைக் கவரை என்னிடம் நீட்டினாள்.

"என்னாங்க, அஞ்சு நாளு சோறு கெடையாது. இத எப்பிடிப் போடறது?"

வீட்டில் மலாய் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கவரை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், கோர்ட்டுக் கடிதம் படிப்பவன் மாதிரி படித்தேன்.

"லெப்பாஸ் மாக்கான்னு போட்டிருக்கு. சாப்பிட்ட பெறகு. சாப்பாடு இல்லன்னா மாத்திரையும் இல்லலா. வெறும் வயித்துல போட்டா கொடலப் பிடுங்கிரும்."

"விட்டா ஒன்னும் ஆவாதா?"

"ரெண்டு வருஷமா வராதது அஞ்சு நாள்ல வந்துருமா?"

இதில் நான் செய்த தப்பை வேறு ஊர்க்காரன் செய்திருக்க மாட்டான். நம் ஆட்களுக்குச் சாப்பாடு என்றால் சோறு. நாலு வடையும் ரெண்டு ரொட்டி சானாயும் தின்றுவிட்டு வருகிறவனிடம், "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். "இன்னும் இல்ல, சும்மா பசியாறுனேன்" என்பான். அந்தக் கணக்கில், ஒரு செம்பு பாலும் நாலு வாழைப்பழமும் உள்ளே போனாலும் உங்கள் அம்மா சாப்பிடாதவள்தான். படித்த புருஷன் சொன்னதைக் கேட்டு, மாத்திரைக் கவரைச் சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்துவிட்டாள்.

நான்காம் நாள் காலை. காலை நிறுவைக்காகப் பெண்கள் கூடைகளோடு தராசு மேடையில் வரிசையாக நின்றிருந்தார்களாம். அம்மாவின் முறை வந்தபோது கூடையை இறக்கப் போனவள், கூடையோடு சாய்ந்திருக்கிறாள். யாரோ கீழே தொழிற்சாலைக்கு ஓடி வந்து, "ஒன் வீட்டுக்காரி விழுந்துட்டா!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினார்கள். எப்படி மேடேறினேன் என்று இன்றுவரை தெரியாது.

போய்ப் பார்த்தால் ஐந்தாறு பெண்கள் அவளை அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள். கையில் இரும்பு கொடுத்தால் நிற்கும் என்று, கொழுந்து ஏற்றும் லோரியிலிருந்து பெரிய ஸ்பேனரை எடுத்து வந்து கையில் திணித்திருக்கிறார்கள். வெட்டுகிற வெட்டுக்கு அந்த ஸ்பேனர் அவள் நெற்றியிலேயே அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் லயன் வீட்டு வரிசையில் இருந்த ஓர் அக்கா, கூடைக் கயிற்றைச் சுருட்டிப் பல்லுக்கு நடுவில் வைக்கப் பார்த்தார்.

"வாயில வெக்காதக்கா! கைய எடுங்க எல்லாரும்!" என்று கத்தினேன்.

"நாக்கக் கடிச்சிக்கும்ப்பா!"

"கடிச்சா ஆறிரும். மூச்சு அடைச்சா ஆறாது!"

அது என் சொந்தப் புத்தி இல்லை. டிரஸ்ஸர் முன்பு சொல்லிக்கொடுத்தது. அமுக்கிப் பிடித்தால் எலும்பு முறியலாம், வாயில் எதையும் வைக்காதே, ஒருபக்கமாகத் திருப்பிப் போடு, எச்சில் வெளியே வழியட்டும், கடிகாரத்தைப் பார். முதல் நாலும் ஞாபகம் வந்தது. கடைசியை மறந்துவிட்டேன். நல்ல காலம், கொழுந்து லோரி ஓட்டுகிறவர் மறக்கவில்லை. கையில் புதுக் கடிகாரம் கட்டியிருந்தார். யாராவது மணி கேட்க மாட்டார்களா என்று அலைகிற மனுஷன்.

"மச்சான், இது விழுந்தப்ப ஒம்பது பத்து. இப்ப ஒம்பது இருவத்திரெண்டு. நிக்கற மாதிரி நின்னு மறுபடி வெட்டுது, கண்ணத் தொறக்கவே இல்ல. ஏத்து லோரில!"

கங்காணி தராசை விட்டுவிட்டு ஓடி வந்தார். "யோவ், உள்ள கொழுந்து கெடக்குய்யா!"

"கெடக்கட்டும் கங்காணி. மெத்த மாதிரி இருக்கும்."

"தொரை கேட்டா நான் என்னாத்தச் சொல்ல?"

"நான் திருடிக்கிட்டுப் போயிட்டேன்னு சொல்லுங்க" என்று லோரிக்காரர் ஏறி உட்கார்ந்துவிட்டார். கங்காணி ஒரு நொடி யோசித்தார். பிறகு தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அம்மாவின் தலைக்குக் கீழே வைத்தது அவர்தான்.

பச்சைக் கொழுந்தின் மேல் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்கு என் முழங்காலை முட்டுக் கொடுத்து உட்கார்ந்தேன். தானா ராத்தாவுக்கு அவ்வளவு வளைவு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் உதடு நீலம் பாரித்தது. ஒவ்வொரு வளைவிலும் லோரிக்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "இன்னும் வெட்டுதா?" என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் "வெட்டுது, வெட்டுது" என்றேன்.

ஆஸ்பத்திரிக்குள் தூக்கிக்கொண்டு ஓடினபோது ஒன்பதே முக்கால். சீன டாக்டர் ஒருவர் வந்தார். "சுடா பெராப்பா லாமா?" என்றார். எவ்வளவு நேரமாக என்று கேட்கிறார். வெட்கத்துக்கோ பயத்துக்கோ நம் ஆட்கள் இந்த மாதிரிக் கேள்விக்கு "கொஞ்ச நேரந்தான்" என்பார்கள். என் வாயிலும் அதுதான் வந்திருக்கும். பின்னாலேயே வந்த லோரிக்காரர் முந்திக்கொண்டு கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டினார். "தீகா பூலோ லீமா மினிட், டாக்டர்!" முப்பத்தைந்து நிமிஷம்.

டாக்டரின் நடை மாறிவிட்டது. மூக்கில் காற்றுக் குழாய் வைத்தார்கள். விரலில் குத்தி இனிப்பு குறைந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். நரம்பு கிடைக்காமல் இரண்டு இடத்தில் குத்தி, மூன்றாவது இடத்தில் ஊசி ஏறியது. அவசரப்படாமல், சொட்டுச் சொட்டாக மருந்தைச் செலுத்தினார்கள். வேகமாகப் போட்டால் மூச்சு நின்றுவிடுமாம். வெட்டு அடங்கியது. நான் சாமி பேரைச் சொல்லி முடிப்பதற்குள் கட்டைவிரல் துடித்தது. பிறகு கை. பிறகு முழு உடம்பும். மறுபடி அதே ஊசி. மறுபடி அடங்கியது. மறுபடி துடித்தது.

டாக்டர் என் பக்கம் திரும்பி, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டார்.

"ஒருநாளும் விட்டதில்ல, டாக்டர்" என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. இரண்டு வருஷமாக ஒவ்வொரு மாதமும் அந்த ஆஸ்பத்திரியில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன பதில் அது, தானாக வந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற மிசி, அதாவது நர்ஸ், நம் தமிழ்ப் பெண். கழுத்தில் சிலுவை போட்டிருந்தாலும் அவரும் தேயிலைத் தோட்டத்து லயனில் பிறந்தவர்தான். ஊசி குத்தின கையைக் கட்டும்போது மஞ்சள் கயிற்றைப் பார்த்துவிட்டார்.

"அண்ணே, காப்பு கட்டியிருக்கு. வெரதமா?"

"ஆமா மிசி."

"எத்தன நாளா?"

"இது நாலாவது நாளு."

"வெரதத்துல மாத்திர போட்டுச்சா இல்லியா? உண்மையச் சொல்லுங்க."

நான்தான் காரணம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் எல்லார் முன்னாலும் படிப்பறிவு இல்லாதவன் ஆகிவிடுவேன். அந்த ஒரு நொடி நான் யோசித்தேன், பிள்ளைகளே. அவள் அங்கே துடித்துக்கொண்டிருக்கும்போது என் மானத்தைப் பற்றி ஒரு நொடி யோசித்தேன். பிறகு சொல்லிவிட்டேன்.

"போடல மிசி. நான்தான் போட வேண்டாம்னேன். லெப்பாஸ் மாக்கான்னு போட்டிருந்துச்சு. சோறு திங்கலியே?"

"வேற என்னா தின்னுச்சு?"

"பாலு, பழம்."

"ஐயோ அண்ணே! பாலு குடிச்சா அதுவும் மாக்கான்தான்! ஒரு வாய் பாலு போதும்லா மாத்திரைக்கி!"

திட்டிக்கொண்டே டாக்டரிடம் மலாயில் படபடவென்று சொன்னார். டாக்டர் கோபப்படவில்லை. அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்ததைப் பார்த்தேன். தலையில் அடியோ, மூளையில் காய்ச்சலோ என்று தேட வேண்டியதில்லை. உடம்பு எதிர்பார்த்த மருந்து நாலு நாளாக வரவில்லை. அதையே நேராக ரத்தத்தில் ஏற்றினால் போதும். வேறொரு மருந்தைக் கொண்டுவரச் சொன்னார். அதை நரம்பு வழியாக மெதுவாக ஏற்றினார்கள். மிசி நெஞ்சுத் துடிப்பையும் மூச்சையும் எண்ணிக்கொண்டே நின்றார். இதற்கும் நிற்காவிட்டால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, முழு மயக்கத்தில் வைத்து, மெஷின் மூச்சு கொடுப்பார்கள் என்றார் டாக்டர். வெளியே ஆம்புலன்ஸைத் தயாராக நிறுத்தியும் விட்டார்கள்.

கால் துடிப்பது நின்றது. பிறகு கை. கட்டைவிரலை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது கொஞ்ச நேரம் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. மறுபடி வருமென்று எல்லாரும் காத்திருந்தோம். வரவில்லை.

"நின்னுருச்சு அண்ணே" என்றார் மிசி. லோரிக்காரர் வாசலில் நின்று சத்தம் போட்டு அழுதார். அழுதுகொண்டே மணி பார்த்தார். பத்து இருபது.

அம்மா தூங்கினாள். மூளைக்கு ஏதாவது ஆகியிருக்குமா என்று கேட்டேன். எழுந்து பேசட்டும், அப்போதுதான் தெரியும் என்றார்கள். அன்றைய தினத்தில் அந்த மணிநேரங்கள்தான் நீளமானவை. மிசி ஒரு மக்கில் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்த மாதிரி யாருக்கும் வந்ததில்லையே மிசி" என்றேன்.

"யாரு சொன்னா? வலிப்பு உள்ளவங்க நெறைய பேருக்கு இது வராமலே போயிரும். ஆனா அபூர்வம்னு சொல்ல முடியாது. சின்னப் புள்ளைங்களுக்குக் காய்ச்சல்ல வரும். தலையில அடிபட்டவங்களுக்கு வரும். குடிச்சிக்கிட்டே இருந்துட்டுத் திடீர்னு நிறுத்துனவங்களுக்கு வரும். வலிப்பே இல்லாதவங்களுக்கும் வரும். வலிப்பு உள்ளவங்க மருந்த விட்டா வரும், அதுதான் அடிக்கடி. ஒங்க தோட்டத்துலயே எத்தன பேரு மாத்திரைய ஒளிச்சி வெச்சிச் சாப்பிடுறாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்."

அஞ்சு நிமிஷம் தாண்டினால் இனி நிற்கும் என்று காத்திருக்காதே, கிளம்பி வந்துவிடு என்றார். நேரம் ஆக ஆக மருந்து பிடிப்பதும் கஷ்டமாகிவிடுமாம். அந்த ஸ்பேனரோடு போன பன்னிரண்டு நிமிஷம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சாயங்காலம் நாலு மணிவாக்கில் அம்மா கண்ணைத் திறந்தாள். கூரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். டாக்டர் குனிந்து, இது யார் என்று மலாயில் கேட்டார். அவள் வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாள்.

"என்னாங்க," என்றாள், நாக்கு தடித்த குரலில், "சவரம் பண்ணாமலா ஆஸ்பித்திரிக்கி வந்தீங்க?"

மிசி சிரித்ததைப் பார்த்து டாக்டருக்கும் சிரிப்பு. என்ன சொன்னாள் என்று மலாயில் கேட்டுத் தெரிந்துகொண்டு, மறுபடி சிரித்தார். அந்த வார்டு முழுவதும் என் தாடியைப் பார்த்துச் சிரித்தது. என் வாழ்க்கையில் என்னைப் பார்த்து அவ்வளவு பேர் சிரித்து, நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

அம்மா வீடு திரும்பினபோது திருவிழா முடிந்திருந்தது. பால்குடம் எடுக்காமல் போனது அவளுக்கு ஆறவில்லை. லயனில் சிலர், விரதத்தில் குறை, ஆத்தா கோவிச்சுக்கிட்டா என்று பேசினார்கள். நான் ஒவ்வொரு வாசலாகப் போய், குறை ஆத்தாவுடையது இல்லை, என்னுடையது, என் மலாயுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லச் சொல்ல வெட்கம் குறைந்தது.

அடுத்த வருஷம் காப்புக் கட்டும் நாளில் அம்மா பூசாரியிடம் நேராகப் போய் நின்றாள்.

"ஐயா, நான் மறுபடி பால்குடம் எடுக்கப் போறேன். ரெண்டு வேளையும் மாத்திர போடுவேன். வெரதத்துல போடக்கூடாதுன்னா இப்பவே சொல்லிருங்க. நான் மாத்திரைய விட மாட்டேன். பால்குடத்தையும் விட மாட்டேன்."

பூசாரி சுற்றும் முற்றும் பார்த்தார். மடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். "பிரஷர் மாத்திரம்மா. காலைல இத முழுங்கிட்டுத்தான் நானே தீவாரனை காட்டுறேன். ஆத்தா ஒன்னும் சொன்னதில்ல."

"அப்ப மைக்குல சொல்லுங்க."

"என்னாது?"

"எனக்கு மட்டும் சொன்னா எப்பிடி? மைக்குல சொல்லுங்க ஐயா."

சொன்னார். முதல் நாள் பூசை முடிந்ததும், கூம்பு ஒலிபெருக்கி கரகரக்க, தேயிலைக் காடெல்லாம் கேட்க அவர் குரல் வந்தது: வெரதம் இருக்கறவங்க மருந்து சாப்பிடறவங்களா இருந்தா மருந்த விடக்கூடாது, பாலும் பழமும் சாப்பாடுதான், இது கோயில் உத்தரவு. அன்று மாலை நம் வீட்டுக்கு மூன்று பேர் வந்தார்கள், ஒவ்வொருவராக, மற்றவருக்குத் தெரியாமல். மூன்று பேர் கையிலும் ஒரு மருந்துக் கவர். படித்துச் சொல்லச் சொன்னார்கள். இந்தத் தடவை நான் புரிந்ததை மட்டும் படித்தேன். புரியாததை எழுதிக்கொண்டு போய் மிசியிடம் கேட்டு வந்து சொன்னேன்.

டிரஸ்ஸருக்கும் பிறகு ஆஸ்பத்திரியில் ஒன்று கற்றுக்கொடுத்தார்கள். வலிப்பு நிற்காவிட்டால், நரம்பு தேடாமல், மருந்தைப் பின்வழியாகச் செலுத்துகிற முறை. சிரிக்காதீர்கள். ஊசியைவிட வேகமாகக் கையாளலாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே வலிப்பை நிறுத்திவிடும். இப்போது அது நம் தோட்டத்து மருந்தகத்திலேயே இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு அது தேவைப்படவே இல்லை. சின்னவளே, நீ வயிற்றில் இருந்தபோதும் டாக்டர் சொன்னபடி மாத்திரையைத் தொடர்ந்தாள். நீ சுகமாகப் பிறந்து இப்போது கேள்வி கேட்கிறாய்.

பூசாரி மைக்கில் சொன்ன அந்த வருஷம், பால்குட நாளன்று காலை நல்ல மூடுபனி. அம்மா அடுப்படியில் நின்று அரை டம்ளர் பால் குடித்தாள். மாத்திரையை முழுங்கினாள். மஞ்சள் சேலை கட்டிக்கொண்டாள். ஆற்றங்கரையில் குடத்தை அவள் தலையில் ஏற்றினார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று நான் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நடந்தேன். லோரிக்காரர் லோரியைக் கோயில் அடிவாரத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். கங்காணி அவரிடம், "என்னா, இன்னிக்கும் திருட வந்தியா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

கோயிலுக்கு ஏறும் மேடு உங்களுக்குத் தெரியும். மேளம் வேகமெடுத்தது. பாதி மேட்டில் எனக்கு மூச்சு வாங்கியது. விழுந்தால் தாங்கிப் பிடிக்க வந்தவன் நான். முழங்காலில் கையை ஊன்றி நின்றுவிட்டேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குடம் தலையில் ஆடவில்லை. பனிக்குள்ளே மஞ்சள் சேலை ஒவ்வொரு படியாக ஏறிப் போனது. நான் ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தபோது, அவள் பாலை ஊற்றி முடித்துவிட்டு, வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்துப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தாள்.